கூட்டினால் கூடும்

புதுச்சேரியில் ஒரு மண்கூடம். சக்கரங்களும் சூளையும் அங்கே எல்லோருக்கும் பொது. மண் பிசைய வருகிறவர்கள் பலர், ஆசான் ஒருவர். தணிகைமலை என்று பெயர். அவர் ஒரு நாளில் பேசுகிற சொற்களை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். அந்த மௌனத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு.

கோமளவல்லி அங்கே சேர்ந்தது பானை செய்ய அல்ல, அந்த மௌனத்தைக் கற்றுக்கொள்ள. ஆசான் வயதுதான் அவளுக்கும். ஜவுளிக்கடையில் புடவை விரித்துப் பேசிப் பேசியே பாதி ஆயுள் போயிற்று. வாயைத் தைத்தால் மூக்கால் பேசுவாள் என்று சொந்தத் தங்கையே சொல்வாள். படுத்தாலும் தலைக்குள் பேச்சு ஓய்வதில்லை. இந்த மனுஷருக்கு வாய்த்த அமைதியில் கால்வாசி கிடைத்தால்கூடப் போதும் என்று ஏங்கினாள், பாவம்.

கூடத்தில் எதைத் தொட்டாலும் ஈரம். காய்ந்த மண்ணைத் தண்ணீர் தெளிக்காமல் சுரண்டக் கூடாது. மாஸ்க் போடாமல், பானைக்குப் பளபளப்பு ஏற்றுகிற கிளேஸ் பொடி டப்பாவைத் திறக்கக் கூடாது. துடைப்பமோ கண்ணிலேயே படக் கூடாது. ஏன் என்று யாரோ ஒருமுறை கேட்டதற்கு ஆசான் சொன்னார்:

"கூட்டினா கூடும். பெருக்கினா பெருகும்."

அவ்வளவுதான். சீடர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆசையைச் சொல்கிறார் என்றார் ஒருவர். அட, வினைப்பயனைய்யா என்றார் இன்னொருவர். ஆசான் பாட்டுக்கு ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். கோமளவல்லிக்கு மட்டும் ஒரு உறுத்தல். ஆசையைச் சொல்கிறார் என்றால், நடுவில் துடைப்பம் என்ன பாவம் செய்தது?

ஆயுத பூஜை வந்தது. சக்கரத்துக்குப் பொட்டு வைக்கிற நாளில் தரை இப்படியா கிடப்பது? கூட்டாத இடத்தில் லட்சுமி கால் வைப்பாளா? அவளுக்கு மனசு கேட்கவில்லை. காலையில் முதல் ஆளாக வந்து, முந்தானைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த துடைப்பத்தால் மூலைமுடுக்கெல்லாம் கூட்டித் தள்ளினாள். கூட்டி முடித்தபோது அப்படி ஒரு பெருமை.

வாசலில் ஆசான். துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, வெளியே வா என்று கையைக் காட்டினார். இன்றோடு சீட்டு கிழிந்தது என்று நினைத்துக்கொண்டே அவள் வெளியே வந்தாள். அவர் திட்டவில்லை. வெளியிலிருந்து ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, படியில் உட்காரச் சொன்னார். உள்ளே சாய்ந்து விழுந்த வெயிலில் தூசி சுழன்றுகொண்டிருந்தது. பின்னால் வந்தவர்களையும் உள்ளே விடவில்லை. டீ வந்தது. எல்லோரும் குடித்து முடித்து, டம்ளரும் காய்ந்தது.

"அடங்கிடுச்சா?" என்று கேட்டார்.

"அடங்கிடுச்சு ஐயா."

"கண்ணுக்கு."

இன்னும் வெகுநேரம் உட்கார வைத்தார். பிறகு இரண்டு மாஸ்க்கும் இரண்டு வாளித் தண்ணீருமாக அவளை மட்டும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். இருவரும் முட்டி போட்டுத் தரையை ஈரத்துணியால் துடைத்தார்கள். கூட்டி முடித்த தரைதான். ஆனாலும் துணியை அலசினால் தண்ணீர் மோர்போல வெளுத்தது.

"இது கழித்தல்," என்றார் ஆசான்.

கூட்டல், பெருக்கல், கழித்தல். கோமளவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்போ நீங்க அன்னைக்குச் சொன்னது வேதாந்தம் இல்லையா?"

"தூசி."

அடக் கடவுளே, இதற்கா இத்தனை வியாக்கியானம் என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த சூட்டிலேயே, வந்த நாள் முதல் நெஞ்சில் வைத்திருந்ததையும் கேட்டுவிட்டாள்.

"அந்த மௌனம் மட்டும் எப்படி ஐயா வந்தது? எனக்கும் அது வேணும்."

ஆசான் துணியை வாளியில் போட்டார். பதில் சொல்ல வாயெடுத்தவருக்கு மூச்சு வாங்கியது. அவர் நெஞ்சுக்குள்ளிருந்து விசில்போல ஒரு சத்தம் கேட்டது. இத்தனை பக்கத்தில் அவள் அவரோடு உட்கார்ந்ததே இல்லை.

"மௌனம் இல்லம்மா," என்றார். நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டார். "முன்னே ஒரு பட்டறை. தினமும்... நான்தான் கூட்டினேன்."