பால்சுறாவும் ஒரு சொம்புத் தண்ணியும்

வா கனி, இப்படி வந்து தாத்தா கை மேல தலைய வெச்சுக்க. அம்மாகிட்டதான் படுப்பேன்னா எப்படி? தம்பி பொறந்து இன்னும் வாரம்கூட ஆவல. அம்மாவுக்குப் பச்ச உடம்பு. நீ தூக்கத்துல காலத் தூக்கிப் போடுவ. இன்னிக்கு தாத்தா கைதான். ம் கொட்டணும், சரியா? ம் நின்னா கதையும் நின்னுடும்.

ஒரு ஊர்ல ஒரு கட்டுமரம் இருந்துச்சாம். கட்டுமரம்னா அதத் தள்ள ஒரு ஆளு வேணும்ல? அவன் பேரு தேசப்பன். தேசப்பனுக்கு ஒரு பொண்டாட்டி, அலங்காரம்னு பேரு. அப்புறம் அவனப் பெத்த ஆத்தா காசாம்பு. கடக்கரையில ஒரு கீத்துக் கொட்டாய், அதுல இந்த மூணு பேரு.

ம்.

அலங்காரத்துக்கு வயித்துல பிள்ள. அவளுக்கு அம்மா கெடையாது, அதனால பிரசவமும் மாமியா வீட்லதான். வலி வந்துச்சு. தேசப்பன் வாசல்ல நிக்கிறான், உள்ள அவ கத்துறா. ஒரே கத்தல். அப்போ திடீர்னு எல்லாம் அடங்கிப் போச்சு. அலைகூட அடங்கின மாதிரி. அப்புறம், குவா... குவா... குவா!

இங்கதான் கனி எனக்கு எப்பவும் கதை நின்னு போவுது. உள்ள போனது ஒருத்தி. இப்ப இருக்கறது ரெண்டு பேரு. கதவு தொறக்கல, யாரும் உள்ள போவல. வீட்ல ஒரு ஆளு கூடிப் போச்சு! எப்படி? தம்பி பொறந்தன்னிக்கும் ஆஸ்பத்திரில நின்னு நான் அதத்தான் யோசிச்சேன். நீ ம் கொட்டு.

அப்புறம் காசாம்பு இருக்காளே, அவளக் குறை சொல்லவே முடியாது. வேப்பெல, நொச்சியெல, புளியெல எல்லாம் போட்டு அண்டா நெறைய தண்ணி கொதிக்க வெச்சா. அதப் பதமா வெளாவி, அலங்காரத்த மணையில ஒக்கார வெச்சு, இடுப்புல சொளேர் சொளேர்னு ஊத்தினா. சாம்பிராணி போட்டுத் தலைய ஒணத்தினா. பழைய வேட்டியக் கிழிச்சு வயித்த இழுத்துக் கட்டினா. பூண்ட நல்லெண்ணெயில வதக்கிக் குழம்பு வெச்சா, கருவாடு சுட்டா, லேகியம் கிண்டி உருண்ட உருண்டையாக் குடுத்தா. எல்லாம் பாத்துப் பாத்து செஞ்சா.

ஆனா ஒன்னே ஒன்னு. தண்ணி மட்டும் குடிக்கத் தர மாட்டா.

"அத்தே, தண்ணி."

"வேணாம்டி. பச்ச உடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு மொடா மாதிரி ஊதிக்கும். பிள்ளைக்குச் சளி கட்டும்."

"ஒரு வாய் அத்தே."

"லேகியம் முழுங்கறதுக்குத் தர்றேன்ல?"

எவ்வளவு தருவா தெரியுமா? ஒரு பாலாடை. தம்பிக்கு மருந்து ஊத்துறாங்களே, மூக்கு வெச்ச குட்டிக் கிண்ணம், அதுல ஒன்னு. உடம்பு மேல அண்டா அண்டாவா ஊத்துறாங்க. வாய்க்குள்ள ஒரு பாலாடை.

அப்புறம் என்னாச்சு? அலங்காரத்துக்கு ஒதடு வெடிச்சுப் போச்சு. பேச்சு கொறைஞ்சுது. பிள்ள மாரப் புடிச்சு இழுக்குது, சப்பு சப்புன்னு சப்புது, ஒன்னும் வரல. வீல்னு கத்துது. கத்திக் கத்தி அதுக்கும் கொரல் கம்மிப் போச்சு.

காசாம்பு பயந்துட்டா. மகன வாசலுக்குக் கூப்பிட்டா. "எலேய், பால் ஊறலடா. இப்படியே போனா இந்தப் பிள்ள நமக்குத் தங்காது. பால்சுறாப் புட்டு செஞ்சு குடுத்தா ஊறும். போ, போய் ஒன்னு புடிச்சாந்துரு."

தேசப்பன் கெளம்பினான். பிரசவம் ஆன ரூமுக்குள்ள தீட்டு கழியற வரைக்கும் ஆம்பள போவக் கூடாது, அவங்க வழக்கம் அப்படி. அதனால கீத்துச் சந்து வழியா எட்டிப் பாத்தான். அலங்காரம் படுத்திருக்கா. இவனப் பாத்து அவ வாய் தொறந்து தொறந்து மூடுது. சத்தம் வரல. இவன் என்ன பண்ணினான்? "தோ வந்துர்றேன்டி, சுறாவோட வர்றேன்" அப்படின்னு சொல்லிட்டு ஓடினான்.

நின்னு கேட்டிருக்கலாம்ல? கேக்கல. நல்லவன்தான் அவன். நல்லவன் ஏன் கேக்காமப் போனான்னு இந்தக் கதையச் சொல்றப்பல்லாம் யோசிக்கிறேன்.

சளக், சளக், சளக். துடுப்பு போட்டுக் கடலுக்குள்ள போனான். வெயிலு ஏறுது. வலைய வீசினான், சலார்!

இழுத்தா ஒரு நண்டு. வயித்துக்கடியில கொத்துக் கொத்தா முட்ட. பொட பொட பொடன்னு நொரை தள்ளிகிட்டு நண்டு சொல்லுது, "தேசப்பா, நான் சினை நண்டு. என்ன விட்டுரு."

"விட்டா எனக்கு என்ன தருவ?"

"தர்றதுக்கு எங்கிட்ட இந்தக் கொடுக்குதான் இருக்கு. வேணுமா?"

"ஐயோ வேணாம்."

"அப்ப என்னத் தண்ணிக்கு அனுப்பு."

பாவம்னு விட்டுட்டான். ளொடக்!

மறுபடி வீசினான், சலார்! இழுத்தா ஒரு ஆமை. கண்ணுல பொலபொலன்னு தண்ணி வழியுது. "தேசப்பா, கரைல குழி தோண்டி முட்ட போட்டுட்டு இப்பத்தான் எறங்குறேன். பச்ச உடம்பு எனக்கு."

"அடடா! லேகியம் தின்னியா? வயித்தக் கட்டினாங்களா?"

"ஓட்டு மேல எங்கய்யா கட்டறது? என்னத் தண்ணிக்கு அனுப்பு, எல்லாம் சரியாப் போவும்."

ஆமையும் போச்சு, தொபுக்! ரெண்டு பேரு தண்ணி தண்ணின்னு சொன்னாங்களே, புரிஞ்சுதா அவனுக்கு? புரியல.

ம்... தூங்கிட்டியா? முழிச்சிருக்கியா. சரி.

மூணாவது வீசினான். சலா...ர்! வலை கனக்குது. கட்டுமரமே ஒரு பக்கம் சாயுது. ஏலேலோன்னு இழுத்து மரத்து மேல போட்டா, பால்சுறா! சாம்பல் நெறம், ஒரு கை நீளம், தளதளன்னு. "ஆத்தா, கெடச்சிருச்சு!"ன்னு குதிச்சான். அடிக்கிறதுக்குக் கட்டைய ஓங்கினான்.

அப்போ சுறா வயிறு ஒரு தடவ சுருங்குச்சு. வாலுக்குக் கிட்டேருந்து ஒரு குட்டி வால் எட்டிப் பாக்குது! மீனு முட்ட போடும் கனி, ஆனா இந்த சுறா நம்ம மாதிரி குட்டி போடும். வழவழன்னு, வெரல் தடிமன்ல ஒரு சின்ன சுறா, கண்ணு தொறந்தபடியே வழுக்கிகிட்டு வெளிய வருது. தேசப்பன் ஓங்கின கை அப்படியே நிக்குது. அலங்காரத்துக்கு உள்ள நடந்தப்ப அவன் வாசல்ல நின்னான், ஒன்னும் பாக்கல. இப்ப கண்ணு முன்னால பாக்குறான். குட்டி மரத்து மேல ஒரு துள்ளு துள்ளி, சுளுக்னு கடல்ல விழுந்து போயே போச்சு. யாரும் அதுக்கு வழி சொல்லல!

தாய் சுறா மட்டும் மரத்து மேல கெடக்குது. அது பேசல. நண்டு பேசுச்சு, ஆமை பேசுச்சு, இது பேசல. வாயத் தொறக்குது, மூடுது. தொறக்குது, மூடுது.

தேசப்பன் பாத்தான். இந்த வாய எங்கயோ பாத்திருக்கமே...

எங்க பாத்தான்?

ஆமாம்! கீத்துச் சந்துல!

கட்டை கையிலேருந்து நழுவிப் போச்சு. ரெண்டு கையாலயும் சுறாவத் தூக்கி மெதுவாத் தண்ணிக்குள்ள எறக்கினான். அது மல்லாந்து மெதக்குது. செத்துப் போச்சா? செவுள் ஒரு தடவ விரியுது. இன்னொரு தடவ. தண்ணி உள்ள போவப் போவ உடம்பு திரும்புது, வால் அசையுது. சர்ர்ருனு ஒரு கோடு. அவ்வளவுதான். கடலு முழுக்க வெயில் மினுக்குது, தேசப்பன் அதுக்கு நடுவுல கைகூப்பி நிக்கிறான்.

அப்புறம் போட்டான் பாரு துடுப்பு! சளக்சளக்சளக்சளக்!

கரைல காசாம்பு காத்திருக்கா. "சுறா எங்கடா?"

"விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? புத்தி பெசகிப் போச்சா ஒனக்கு? அங்க பிள்ள கத்துது!"

இவன் நேரா அடுப்புகிட்ட போனான். அடுப்புல சுக்குப் போட்டுக் கொதிச்ச தண்ணி எறக்கி வெச்சிருந்துச்சு, வெதுவெதுன்னு. சொம்புல மொண்டான். வாசல்ல தொங்குற வேப்பெலயத் தள்ளிகிட்டு உள்ள போனான். "எலேய், தீட்டுடா! ஆம்பள போவாதடா!"ன்னு காசாம்பு பின்னாலயே ஓடி வர்றா. அவன் அலங்காரத்தோட தலையத் தூக்கித் தன் மடியில வெச்சுச் சொம்ப வாய்ல சாய்ச்சான்.

மடக்.

மடக் மடக்.

மடக் மடக் மடக் மடக். சொம்பு காலி. "இன்னும்"னா அலங்காரம். எத்தன நாளைக்கப்புறம் அவ கொரல்! இன்னொரு சொம்பு. அதுவும் போச்சு. "இன்னும்."

காசாம்பு அலறிகிட்டு வந்தவ, அந்த மடக் மடக் சத்தத்தக் கேட்டு அப்படியே நின்னுட்டா. தரையில ஒக்காந்துட்டா. சின்னக் கொரல்ல சொன்னா:

"ஒன்னப் பெத்தப்ப எனக்கும் இப்படித்தாண்டா இருந்துச்சு. எம் மாமியா குளிக்க ஊத்துனா பாரு, அந்தத் தண்ணிய யாருக்கும் தெரியாம உள்ளங்கையில ஏந்திக் குடிச்சேன்."

சொல்லிட்டு எந்திரிச்சா. மூணாவது சொம்ப அவதான் மொண்டு குடுத்தா. அதுக்கப்புறம் அந்த வீட்ல அலங்காரத்துக்குப் பக்கத்துல எப்பவும் ஒரு சொம்பு நெறஞ்சே இருந்துச்சாம். பூண்டுக் குழம்பும் உண்டு, லேகியமும் உண்டு, தண்ணியும் உண்டு.

பொழுது சாயறப்ப பிள்ள மாரப் புடிச்சுது. சப்பு சப்புன்னு சப்புச்சு. அப்புறம், மடக். கேட்டியா? மடக் மடக் மடக். கடல்லேருந்து மழையாக் கெணத்துக்கு வந்து, கெணத்துலேருந்து சொம்புக்கு வந்து, சொம்புலேருந்து அம்மாவுக்கு வந்து, இப்ப பிள்ள வாய்க்குள்ள போவுது. காசாம்பு, தேசப்பன் ரெண்டு பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டுகிட்டு இருந்தாங்களாம்.

என்னடி? கண்ண மூடிகிட்டே என்ன கேக்குற?

நம்ம அம்மாவுக்கா? தண்ணி வெச்சிருப்பாங்க கனி. ஆச்சி வெச்சிருப்பா. அத்தை வெச்சிருப்பா...

வெச்சிருப்பாங்களா?

தெரியலயே. நான் பாக்கல. காலைலேருந்து அம்மா ரூமுக்குள்ள நாலு தடவ போனேன், தம்பியத்தான் பாத்தேன். இரு. கைய எடுத்துக்கறேன், தலகாணில சாஞ்சுக்க. ஒரு சொம்பு மொண்டு குடுத்துட்டு வந்துர்றேன். சுறா கடலுக்குப் போச்சு, கதையும் அது பின்னாலயே போச்சு. நீ தூங்கு கண்ணு.