அரளியும் செம்பருத்தியும்

ஜமீன் தோட்டத்தில் அரளி பூத்துக் குலுங்கியது. பக்கத்திலேயே செம்பருத்தி மொட்டைக் குச்சியாய் நின்றது.

"ஒரே மண்ணு, ஒரே தண்ணி. பூவைத் திருடி வித்துட்டியாடா? ஊர் முன்னால காரணம் சொல்லு. இல்லேன்னா குடிசையைக் காலி பண்ணு" என்று குதித்தார் ஜமீன்தார்.

தோட்டக்காரன் மாடக்கண்ணு தவித்துப்போனான். செம்பருத்தியை மேய்ந்ததெல்லாம் ஜமீன் ஆடுகள். எவன் வயலில் வாய் வைத்தாலும் அவற்றை விரட்டக்கூடாது, குறை சொல்லவும் கூடாது என்பது ஜமீன்தார் கட்டளை. ஊர் கூடியதும் மாடக்கண்ணு கைகட்டிச் சொன்னான்:

"எசமான், அரளிக்கு உடம்பெல்லாம் விஷம். எந்த வாயும் கிட்ட வராது. செம்பருத்திக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, எங்களை மாதிரி."

ஊரே ஆட்டுப்பட்டியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஆடு என்ற பேச்சே வராததால் ஜமீன்தாரால் கோபிக்கவும் முடியவில்லை. குடிசை தப்பியது.

அன்று சாயங்காலமும் கழுத்துமணி குலுங்க ஆடுகள் வந்தன. மாடக்கண்ணு எழுந்து வழிவிட்டான்.