மேற்கே பத்து மூச்சு

மலையடிவாரத்து விகாரை ஒன்றில் நந்தியர் என்ற தேரர் குருவாக இருந்தார். அவருடைய சீடர் கொற்றருக்குக் குருவைவிட இருபது வயது அதிகம். துறவுக்கு வருமுன் யானைக்குழி வெட்டிப் பிழைத்தவர். எறும்புக்கும் வழிவிட்டு நடக்கும் இப்போதைய கொற்றரைப் பார்த்தால் யாரும் அதை நம்பமாட்டார்கள்.

இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் குழியில் வீழ்த்தி ஒரு குட்டியைப் பிடித்திருந்தார். அதன் தாய், காது கிழிந்த யானை, திரும்பி வந்திருந்தது. பிட்சைக்குப் போகும் பாதையில் நின்று அவரையே பார்த்தது.

அந்த விகாரையில் ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் ஒவ்வொரு திசையாகத் திரும்பி உட்கார்ந்து, அங்கிருக்கும் உயிரெல்லாம் நலமாக இருக்கட்டும் என்று நினைக்க வேண்டும். திசைக்கு நூறு மூச்சு. மூன்றாம் நாள் அதை முடித்ததும் கொற்றர் குருவிடம் வந்தார்.

"தேரரே, அந்த யானை நன்றாக இருக்கட்டும் என்று ஆயிரம் தடவை நினைத்துவிட்டேன். பயம் போகவில்லையே. எங்கே தப்பு?"

"பின்னால் உட்கார்ந்து உம் மூச்சை எண்ணினேன். மூன்று திசைக்கும் நூறு நூறு. மேற்கே மட்டும் பத்து. மேற்கே என்ன இருக்கிறது?"

கொற்றர் தரையைப் பார்த்தார்.

"மூங்கில் காடு. இப்போது குருத்து விடும் காலம்."

"யானைக்குப் பிடிக்குமே. அப்புறம்?"

"ஒரு குழி. நாங்கள் வெட்டியதில் மூடாமல் விட்டது. மேலே தட்டியும் தழையும் அப்படியே கிடக்கிறது. வெட்டியவர்களில் இங்கே மிச்சம் நான் ஒருவன்தான்."

"சொல்லும்."

"அது விழட்டும் என்று நான் நினைக்கவில்லை, தேரரே. சத்தியமாக." அவர் குரல் இறங்கியது. "விழக்கூடாது என்றும் நினைக்கவில்லை."

நந்தியர் எழுந்து மேற்கே நடந்தார். கொற்றரும் பின்னால் போனார், வேறு வழியில்லாமல்.

குழியருகே போய் நின்றபோது எதிரே மூங்கில்கள் முறிந்தன. காது கிழிந்த யானை வெளியே வந்தது. கொற்றரைப் பார்த்ததும் நேராக நடக்கத் தொடங்கியது. அதற்கும் அவருக்கும் நடுவில் தழை மூடிய குழி.

"தட்டியை எடும்," என்றார் நந்தியர்.

"எடுத்தால் குழியைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்துவிடும்!"

"எடுக்காவிட்டால்?"

யானை நெருங்கியது. ஓடிவிடலாம் என்றுதான் கொற்றருக்கு முதலில் தோன்றியது. பிறகு குனிந்து தட்டியின் நுனியைப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்தார். தழை சரிந்து உள்ளே விழுந்தது. குழி வாய் திறந்தது.

யானை அதன் விளிம்பில் நின்றது. தும்பிக்கையை உள்ளே விட்டு வெகுநேரம் முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. குழியை ஒட்டி ஓர் அடி எடுத்து வைத்தது. இன்னோர் அடி.

"தேரரே," என்றார் கொற்றர். "இப்போது நான் என்ன செய்ய?"

நந்தியர் அவருக்குப் பக்கத்தில் மேற்கே பார்த்து உட்கார்ந்தார்.

"இன்னும் தொண்ணூறு மூச்சு இருக்கிறது. உட்காரும்."