இடது பக்கத்து டயர்

பிலோமினாவிடம் கார் ஓட்டப் பழகியவர்களிலேயே வயதில் மூத்தவர் சென்னியப்பன். அவருக்கு ஐம்பத்து நான்கு. பிலோமினாவுக்கு முப்பத்தாறு. ஆனாலும் சென்னியப்பன் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். பிலோமினா பதிலுக்கு "சார்" என்பார். யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று புதிதாக வருகிறவர்கள் சற்றுக் குழம்புவார்கள்.

கோவைக்கு வெளியே, சோளக்காடுகளுக்கு நடுவில் இருந்தது அந்தக் கார்ப் பந்தயப் பாதை. வார இறுதியில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிவிட்டுத் தங்கள் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம். பிலோமினா ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓட்டியவர். இப்போது கற்றுக்கொடுக்கிறார். பேச்சு குறைவு. யாராவது கேள்வி கேட்டால் பதில் வராது, ஒரு வேலைதான் வரும்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சென்னியப்பன் கேட்டார்.

"எந்த டயர் போடறதுங்க மாஸ்டர்?"

கொட்டகையில் இரண்டு அடுக்காக டயர்கள் நின்றன. டயர் கடைக்காரர் கந்தவேல் இரண்டையும் வண்டியில் ஏற்றி வந்திருந்தார். ஓர் அடுக்கு பந்தயத்துக்கென்றே செய்தது. மேலே பேருக்கு நாலு கோடு, மற்றபடி வழுவழுப்பு. சூடேறினால் தார் ரோட்டைப் பசை போலப் பிடிக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. இன்னோர் அடுக்கில் ஆழமாகப் பள்ளம் வெட்டிய டயர்கள். வேகத்துக்கும் தாங்கும், மழைத்தண்ணீரையும் வாரி வெளியே தள்ளும். ஆனால் பாதையில் முதல் வகையின் பக்கத்தில்கூட நிற்காது.

முதல் வகையின் படத்தைப் பார்த்தபோதே சென்னியப்பனின் மனைவி வசந்தாமணி சொல்லிவிட்டாள்: "லாரிக்காரன் டயர் மொட்டையானாத் தூக்கி வீசறான். நீங்க மொட்டையாவே பார்த்து வாங்கறீங்க."

பிலோமினா டயர்களைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தார்.

"வண்டி எதுக்குங்க சார்?"

"சனி, ஞாயிறுக்குத்தானுங்க. மத்த நாள்ல போர்வை போட்டு நிக்குது. ரெண்டுக்கும் ஆகற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டுன்னா?"

"ட்ராக்குக்கும் ரோட்டுக்கும்."

"அது இடம். ஆளுங்க யாரு?"

"ட்ராக்குல நானு. ரோட்டுல நானும் வீட்டுக்காரம்மாவும்."

கந்தவேல் குறுக்கே வந்தார். "ரெண்டு செட் சக்கரம் வெச்சுக்கலாமில்லீங்களா? இங்க வந்து ஒண்ணை மாட்டறது, போறப்ப கழட்டி எடுத்துட்டுப் போறது."

"பண்ணிப் பார்த்தாச்சு." சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். "சின்ன வண்டி. டிக்கியில ஒண்ணு, பின்னால ரெண்டு. நாலாவதுக்கு இடமில்ல. முன்சீட்டுல வெச்சேன். ஆள் உக்காந்திருக்குன்னு நெனச்சுட்டு வண்டி கீ கீன்னு கத்துச்சு. சரின்னு பெல்ட் போட்டு விட்டேன். கேட்டைத் திறக்க வந்த வீட்டுக்காரம்மா பார்த்துட்டா."

"என்ன சொன்னாங்க?"

"நான் பெல்ட் போட்டேனான்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களான்னா."

கந்தவேல் சிரித்தார். பிலோமினா சிரிக்கவில்லை.

சென்னியப்பன் மிச்சத்தையும் சொன்னார். போன வருஷம் கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது மழை. ஒரு வளைவில் வண்டி வழுக்கியது. வசந்தாமணி பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே பள்ளம். அவர் ஸ்டியரிங்கை ஒரு திருப்புத் திருப்பினார், வண்டி நேராகிவிட்டது. அதைக் கல்யாண வீடுகளில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வசந்தாமணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அன்றிலிருந்து அவள் இந்தக் காரில் ஏறவில்லை.

இன்று ஏறுகிறாள். கோத்தகிரியில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். நாலு மணிக்கு வாடகைக் காரில் இங்கே வந்துவிடுவாள்.

"இந்த ஒருக்கா வர்றேன்னு சொல்லியிருக்கா. இப்பவும் பயந்தா, அப்புறம் ஆயுசுக்கும் இந்த வண்டியில ஏறச் சொல்லிக் கூப்பிடக் கூடாதாம். அதான் கேக்கறேன் மாஸ்டர். எந்த டயர்?"

பயம் வழுக்கலால் வந்தது. வழுக்கல் டயரால் வந்தது. ஆகவே சரியான டயரைப் போட்டால் பயம் தீரும். பம்பு பாகங்கள் வார்க்கும் பட்டறை வைத்திருப்பவர் அவர். வார்ப்பில் விரிசல் கண்டால் எந்த இடத்தில் தப்பு என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பது பழக்கம். ஒரு மாதமாக இப்படித்தான் யோசித்திருந்தார். இரண்டு நாள் தூக்கம் போனதும் இதனால்தான்.

"பழைய டயர்லயே ஒரு நாலு சுத்து ஓட்டுங்க," என்றார் பிலோமினா.

அவர் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். சென்னியப்பன் ஓட்டினார். நன்றாகவே ஓட்டுகிறோம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. பிலோமினா பாதையைப் பார்க்கவே இல்லை. முழு நேரமும் சென்னியப்பனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நின்றதும் சென்னியப்பன் கேட்டார். "எந்த டயர்னு தெரிஞ்சுதுங்களா?"

"இடம் மாறி உக்காருங்க."

இப்போது பிலோமினா ஓட்டினார். சென்னியப்பன் இடது பக்கம். தன் காரின் இடது சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கண்ணாடி வேறு மாதிரி இருந்தது. கதவு ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. முதல் வளைவு வருவதற்குள் கை தானாக மேலே போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது வளைவில் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினார். அங்கே பிரேக் இல்லை, தரையில் விரித்த மிதியடிதான் இருந்தது.

ஒரே ஒரு சுற்றுதான். கொட்டகைக்கு வந்து நின்றார்கள்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"கொஞ்சம் வேகமாப் போயிட்டீங்க மாஸ்டர்."

"உங்களைவிட மெதுவாத்தான் போனேன்."

சென்னியப்பன் நம்பவில்லை. பிலோமினா சுற்றுக்கு ஆன நேரம் காட்டும் கருவியைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான்.

"கால் வலிக்குதுங்களா சார்?"

அவர் குனிந்து பார்த்தார். கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. எடுத்துக்கொண்டார்.

"முன் சக்கரம் ரெண்டையும் கழட்டி வெயில்ல வைங்க," என்றார் பிலோமினா.

கந்தவேல் உதவிக்கு வந்தார். "நீங்க இருங்க, அவரே கழட்டட்டும்," என்று பிலோமினா அவரை நிறுத்தினார். சென்னியப்பன் ஜாக்கி வைத்து, வியர்த்து, இரண்டு சக்கரங்களையும் கழற்றி உருட்டி வந்து பக்கத்துப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

வலது பக்கத்து டயர் இன்னும் ஆறு மாதம் ஓடும் போலிருந்தது. இடது பக்கத்து டயரின் வெளி விளிம்பில் ரப்பரே இல்லை. உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது. விரலால் தடவினார். குத்தியது.

"இது எப்படிங்க?" என்றார் பிலோமினா.

இதற்கு அவருக்குப் பதில் தெரியும். உற்சாகமாகச் சொன்னார். "இங்க கடிகாரம் சுத்தற பக்கமாச் சுத்தறோமில்லீங்களா. வலப்பக்கம் திரும்பற வளைவுதான் ஜாஸ்தி. திரும்பறப்ப பாரமெல்லாம் இடப்பக்கம் விழும். முன்னால இடது டயர்தான் மொத்தத்தையும் தாங்குது. அதனால அதுதான் முதல்ல தேயும்."

"காரணம் சரிங்க. அந்த டயருக்கு மேல யாரு உக்காருவாங்க?"

"நீங்க—" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"இங்க நானு. வீட்டுக்குப் போறப்ப?"

சென்னியப்பன் மறுபடி அந்த நூலைத் தடவினார். போன வருஷம் கோத்தகிரிக்குக் கிளம்பிய காலையை யோசித்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின நாள்தான் இங்கே வந்து ஆசை தீர ஓட்டியிருந்தார். மலைக்குப் போகிறோமே என்று டயரையும் பார்த்தார். பார்க்காமல் இல்லை. தன் கதவைத் திறக்கும்போது, தன் பக்கத்து டயரை. அது நன்றாக இருந்தது. சுற்றிவந்து அந்தப் பக்கம் பார்த்தாரா? பார்த்ததாக நினைவில்லை. பார்த்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

"மணி மூணாகுதுங்க," என்றார் கந்தவேல். "எதை மாட்டட்டும்?"

சென்னியப்பன் வழுவழுப்பான அடுக்கின் பக்கம் போய் மேல் டயரில் கையை வைத்தார். சூடேறாத ரப்பர் பிளாஸ்டிக் போல இறுகிக் கிடந்தது. வடக்கே மலை தெரியவில்லை. மேகம் இறங்கியிருந்தது.

"பள்ளம் வெட்டினதையே மாட்டுங்க," என்றார்.

"அப்ப இது?"

"கடையில கெடக்கட்டும்."

"வந்ததும் முத்தம் கொடுக்காத குறையாக் கட்டிப் பிடிச்சீங்க?"

"மாட்டுங்க கந்தவேல்."

நான்கும் மாட்டி முடிந்தது. சென்னியப்பன் ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிவந்து பார்த்தார். இடது பக்கம் இரண்டு முறை பார்த்தார். அப்போது வாடகைக் கார் வந்து நின்றது. வசந்தாமணி ஒரு பையோடும் தூக்குவாளியோடும் இறங்கினாள். முதல் வேலையாகக் காரின் முன்சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, எனக்கு இடமிருக்குதா? இல்ல, யாராச்சும் உக்காந்திருக்காங்களா?"

"ஏறு, ஏறு," என்றார் சென்னியப்பன்.

அவள் ஏறிக் கதவைச் சாத்தியதும் அவர் பிலோமினாவிடம் வந்து தணிந்த குரலில் சொன்னார். "மழை வந்தாலும் இது விடாதுங்க மாஸ்டர். நல்ல பிடி. இனி அவ பயப்பட மாட்டா, இல்லீங்களா?"

பிலோமினா கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார்.

"எனக்கெப்படிங்க தெரியும் சார். போற வழியில அவங்க வலது காலைப் பாருங்க."

மேட்டுப்பாளையம் தாண்டியதும் தூற்றல் போட்டது. மலை ஏறத் தொடங்கியபோது மழையாகவே பிடித்துக்கொண்டது. சென்னியப்பன் புது டயரின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். பள்ளம் எப்படித் தண்ணீரை வெளியே தள்ளுகிறது, ரப்பரில் என்ன கலக்கிறார்கள், போன வருஷத்து டயருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம். வசந்தாமணி "ம்" என்றாள். முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. வண்டி துளியும் வழுக்கவில்லை. ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பியது. பார்த்தாயா என்று சொல்ல வாயெடுத்தவர் சற்றே கீழே பார்த்தார்.

அவளுடைய வலது கால் மிதியடியை அழுத்திக்கொண்டிருந்தது. பெருவிரல் வெளுத்திருந்தது.

சென்னியப்பன் பேச்சை நிறுத்தினார். வேகத்தைக் குறைத்தார்.

கால் எழவில்லை. அடுத்த வளைவுக்கு நெடுந்தூரம் முன்பாகவே குறைத்தார். அப்போதும் எழவில்லை. பின்னால் ஒரு காய்கறி வேன் ஒலியெழுப்பியது. ஒதுங்கி வழிவிட்டார். ஒரு பழைய சின்னக் காரும் அவரைத் தாண்டிப் போனது. அதிலிருந்த இளைஞன் ஊர்ந்துகொண்டிருந்த இந்த வேகக் காரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தான். டயர் இன்னும் எவ்வளவோ தாங்கும் என்பது சென்னியப்பனின் கைகளுக்குத் தெரிந்தது. கேட்டால் கொடுக்கும். அவர் கேட்கவில்லை.

"ஏனுங்க," என்றாள் வசந்தாமணி. "என்னத்துக்கு என் காலையே பார்த்துட்டு வர்றீங்க? ரோட்டைப் பாருங்க."

அவர் ரோட்டைப் பார்த்தார்.

வளைவுகள் வந்தன, போயின. மழை ஒரே சீராகப் பெய்தது. கொஞ்ச தூரம் போன பிறகு பக்கத்தில் ஏதோ சரசரத்தது. வசந்தாமணி தூக்குவாளியைத் திறந்து வேகவைத்த நிலக்கடலையை எடுத்து உரித்துக்கொண்டிருந்தாள். நாலு பருப்பை அவர் வாயருகே நீட்டினாள். வாங்கிக்கொள்ளத் திரும்பியபோது கண் தானாகக் கீழே போனது.

மிதியடியில் செருப்பு இரண்டும்தான் கிடந்தன. அவள் கால்களை மேலே எடுத்து சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி இன்னைக்கு நல்லாத்தான் போகுது," என்றாள். "டயருங்களா?"

சென்னியப்பன் கடலையை மென்றுகொண்டே, அடுத்த வளைவுக்கு நெடுந்தூரம் முன்பாகவே வேகத்தைக் குறைத்தார்.