முந்நூறு வீட்டு அம்மா

“முதல்ல பேர் வாங்குங்கடா. அப்புறம்…” பள்ளி ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் பேசியதில் அருணகிரிக்கு இவ்வளவுதான் நினைவிருந்தது. அப்புறம் என்ன சொன்னாரோ, கைதட்டலில் போய்விட்டது.

நாற்பத்தெட்டு வயதாகியும் அந்தப் பேரை அவர் வாங்கவில்லை. இருபது வருடம் கத்தாரில் எண்ணெய்க் குழாய்களுக்கு வரைபடம் போட்டார். தாளின் மூலையில் கம்பெனி பெயர்தான் இருக்கும். திருச்சிக்குத் திரும்பியதும், தன்னைவிடப் பத்து வயது இளைய ஜெசிந்தா டீச்சரிடம் படம் வரையச் சேர்ந்தார். வரைந்ததைப் பெயர் போடாமல் இணையத்தில் ஏற்றுவார். நாலு பேர் சிரித்தாலும் யாரோ போட்டது என்று இருந்துவிடலாமே.

அப்படி ஏற்றியதில் ஒன்று வேகமாகப் பரவியது. பஸ் ஜன்னலோரம் ஒரு அம்மா, டிக்கெட்டை மடித்து வளையலுக்குள் செருகியிருக்கிறார். முகம் பாதி வெளியே திரும்பியிருக்கிறது. சென்னையில் ஓவியக் கண்காட்சி நடத்தும் சிலர் அந்தப் படத்தைக் கேட்டார்கள். வரைந்தவர் பெயரையும் கேட்டார்கள்.

அருணகிரி படத்தை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டு மாடியேறினார்.

“இந்த முறை பேரைப் போட்டுரலாம்னு இருக்கேன் டீச்சர்.”

“போடுங்க சார். ஆதார் நம்பரையும் சேத்துப் போடுங்க.”

“கிண்டல் வேண்டாம். என் கை வரைஞ்சது. நான் சொல்லிக்கக் கூடாதா?”

“யார் கூடாதுன்னு சொன்னா? படத்துக்குக் கீழ ஜனங்க என்ன எழுதியிருக்காங்க, படிங்க கேப்போம்.”

அவர் போனைத் திறந்தார்.

“‘இது எங்க அம்மா. மதுரை ரூட்டு.’ ‘எங்க அம்மாவேதான். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதும் டிக்கெட் கையிலயே இருக்கும்.’ ‘யாருப்பா நீ? எங்க அம்மாவ எங்க பாத்த?’”

படிக்கப் படிக்க அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “இப்படி முந்நூறு பேர், டீச்சர்!”

ஜெசிந்தா பென்சிலை எடுத்தார். படத்தின் அடியில் ‘அருணகிரி’ என்று அழகாக எழுதி, சுவரில் சாய்த்து வைத்தார்.

“இப்ப பாக்குறவங்க என்ன கேப்பாங்க?”

“அருணகிரி யாருன்னு கேப்பாங்க.”

“வேற?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “இது அவரோட அம்மாவான்னு.”

“நிஜமாவே உங்க அம்மாதானே?”

“ஆமா.”

“பேரைப் போட்டா அந்த அம்மா முந்நூறு வீட்டையும் விட்டுட்டு நேரா உங்க வீட்டுக்குத் திரும்பி வந்துருவாங்க சார். கூட்டிட்டு வரணுமா?”

அருணகிரி ரப்பரை எடுத்துப் படத்தின் அடியிலிருந்த பெயரை அழித்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து கண்காட்சிக்காரர்களுக்கு எழுதினார்: படம் அனுப்புகிறேன், பெயர் போட வேண்டாம்.