பல் விளக்கிய லாரி

மூளையைப் பங்கு போட்ட நாளில் சென்னியப்பனும் அவர் கூட்டாளிகள் நாச்சிமுத்துவும் அப்புக்குட்டியும் டீ குடிக்கப் போயிருந்தார்கள் என்று பல்லடத்தில் ஒரு பேச்சு உண்டு. நான் அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சென்னியப்பனிடம் ரிமோட்டில் ஓடும் பந்தய லாரி ஒன்று இருந்தது. முழ நீளம்தான். அதன் மேல் அவருக்கு உயிர். ஆனால் இதுவரை ஓடிய ஆறு பந்தயத்திலும் அது பாதி வழியில் படுத்துவிட்டது.

"இந்தத் தடவையும் கோட்டைத் தாண்டலைன்னா பேரீச்சம்பழத்துக்குப் போட்ருவேன், பாத்துக்குங்க!" என்றாள் மனைவி மயிலாத்தாள்.

சென்னியப்பன் லாரியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர்க் கடை லாரன்ஸிடம் ஓடினார்.

லாரன்ஸ் வண்டியைப் பிரித்துப் பார்த்தார். "பல் சக்கரத்துல ஒரே அழுக்கு. தினமும் பல்லைச் சுத்தம் பண்ணுங்க. மோட்டார் சூடானா ஆத்திட்டு ஓட்டுங்க. ரிமோட்டை விட்டு வண்டி ரொம்பத் தள்ளிப் போனா, சொன்ன பேச்சு கேக்காது. ஜாக்கிரதை!"

மறுநாள் காலை மூவரும் கூடினார்கள்.

"பேஸ்ட்டா, பல்பொடியா?" என்றார் நாச்சிமுத்து.

"பந்தய வண்டி. பேஸ்ட்டே போடுங்க" என்றார் சென்னியப்பன்.

நுரை பொங்க விளக்கி, வாய்நிறையத் தண்ணீர் ஊற்றி, கொப்பளிக்கட்டும் என்று கவிழ்த்தார்கள். திருகாணி ஒன்று விழுந்தது.

"ஐயையோ!" என்று பதறினார் சென்னியப்பன்.

"பால் பல்லுங்க. மறுபடி மொளைக்கும்" என்றார் அப்புக்குட்டி.

முறைப்படி சாணியில் பொதிந்து கூரை மேல் எறிந்தார்கள்.

சாயங்காலம் ஓட்டிப் பார்த்ததில் மோட்டார் சுட்டது. கழற்றி ஒரு டம்ளரில் போட்டார் சென்னியப்பன். கையை உயரத் தூக்கி, டீ மாஸ்டர் கணக்காக, கீழே அப்புக்குட்டி பிடித்திருந்த டம்ளருக்கு ஆற்றினார். இரண்டு ஆற்று நன்றாகத்தான் போனது. மூன்றாவதில் மோட்டார் அப்புக்குட்டியின் கால் கட்டைவிரலில் இறங்கியது.

"ஆறிருச்சா?"

"மோட்டார் ஆறிருச்சுங்க. காலுதான் கொதிக்குது."

பந்தய நாள். நேர் ஓட்டம், மைதானத்துக் கடைசியில் சுண்ணாம்புக் கோடு. சென்னியப்பன் ரிமோட்டைப் புரட்டிப் பார்த்தார். "பாதியில பேச்சு கேக்காமப் போயிட்டா?"

நாச்சிமுத்து ஆழ்ந்து யோசித்தார். "ரிமோட்டை வண்டி மேலயே கட்டிப் போடுவோம். அப்புறம் எப்படித் தள்ளிப் போகும்?"

அடடா! விசையை அழுத்தி, ரப்பர் பேண்டு போட்டு, லாரியின் முதுகிலேயே ரிமோட்டைக் கட்டினார்கள். கொடி அசைந்தது. லாரி பறந்தது. முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டியது. சென்னியப்பன் சின்னப் பிள்ளை போல அழுதேவிட்டார்.

லாரி நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி மக்காச்சோளக் காட்டுக்குள் போய்விட்டது.

"பக்கத்துலதான ரிமோட் இருக்குது. சொன்னா கேக்கும்" என்றார் நாச்சிமுத்து.

மூவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். "நில்லு சாமி!"

கேட்கவில்லை. இருட்டும்வரை தேடிவிட்டு, ஜெயித்த பரிசுக் கோப்பையோடு வீடு திரும்பினார்கள்.

"வண்டி எங்கீங்க?" என்றாள் மயிலாத்தாள்.

சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது. நாச்சிமுத்து அவர் தோளைத் தட்டினார். "சார்ஜர் நம்ம கிட்டத்தான இருக்குது? பசிச்சா தானா வரும்."

சென்னியப்பன் முகம் மலர்ந்தது. சார்ஜரைச் செருகி, வயரை வாசல்வரை இழுத்து வைத்தார். மயிலாத்தாள் உள்ளே ஓடி, பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள்.

"வந்ததும் மொதல்ல பல்லு வெளக்கட்டுங்க. அப்புறந்தான் சார்ஜு!"