கனிஷ்கா தள்ளிவிட்ட இடம்

நல்லசிவம் கேள்வியோடு வரும்போதெல்லாம் சாமியம்மா அவன் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார். பதில் அப்புறம்தான். சில நாள் வேலையோடு சரி.

சாமியம்மாவுக்கு மடம் என்று பெயருக்கு ஒன்று உண்டு. கோபி டவுனிலிருந்து கொஞ்ச தூரத்தில், வாய்க்கால் ஓரமாக, ஓடு போட்ட ஒரு கூடம். அதை ஒட்டி சமையல்கட்டு, அதன் மேலே தண்ணீர்த் தொட்டி. அம்மாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்காது. ஆசீர்வாதம் எல்லாம் செய்யமாட்டார். யாராவது காலில் விழப் போனால், “இடுப்பு புடிச்சுக்கும், நில்லு” என்பார்.

நல்லசிவம் டவுனில் பைப்பு, மோட்டார்க் கடை வைத்திருப்பவன். நல்ல மனுஷன்தான். அது அவனுக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரியும். மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருக்கிறது. பிள்ளைகள் போனில் பார்க்கிற கேமிங் வீடியோவின் லிங்கை யாராவது அதில் அனுப்பினால், நல்லசிவம் பார்த்துவிட்டு ஒரு வட்டம் போடுவான். பச்சை வட்டம் என்றால் பிள்ளைகளுக்குக் காட்டலாம். சிவப்பு என்றால் கூடாது. இந்த வேலைக்கு அவனை யாரும் வைக்கவில்லை. தானாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டதுதான். ஊரில் அவனுக்கு ‘சென்சார்’ என்று பெயர் வைத்தார்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள், அவன் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு மடத்துக்கு வந்தான். கனிஷ்கா ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அழுது முகம் வீங்கியிருந்தது. வண்டியை விட்டு இறங்கியதும் அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் கன்றுக்குட்டி கட்டியிருந்த பக்கம் போய்விட்டாள்.

சாமியம்மா அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தார்.

“சாமியம்மா, ஒரு தீர்ப்பு சொல்லோணுங்க.”

“ஊருக்கே நீதானப்பா தீர்ப்பு சொல்றே. என்னைய எதுக்குக் கேக்கறே?”

“எனக்கே புரியலீங்க.”

“அட! அப்ப நெம்பப் பெரிய விஷயம்தான். சொல்லு.”

நல்லசிவம் மகள் நிற்கிற பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“பாப்பா ஒரு வீடியோவை என்கிட்ட ஒளிக்கறாளுங்க. நான் கிட்ட வந்தாப் போதும், டக்குனு விரலால வீடியோவை ஓட்டித் தள்ளி உட்டுடறா. புடுங்கி, கடைக்குக் கொண்டுபோயிப் பார்த்தேன். கட்டை கட்டையா அடுக்கி வீடு கட்டற விளையாட்டுங்க. புளிமூட்டைன்னு பேரு வெச்சுக்கிட்டு எவனோ ஒரு பையன் விளையாடிக் காட்டறான். சுடறதில்ல, வெட்டறதில்ல, ரத்தமில்ல. முழுசும் பார்த்துட்டேனுங்க. ஒரு குத்தமும் இல்லை.”

“பச்சை போட வேண்டியதுதானே?”

“குத்தமில்லாததை எதுக்குங்க ஒளிக்கோணும்? அதுல என்னமோ இருக்குதுங்க. எனக்குத்தான் கண்ணுல படலை. எதுக்கும் இருக்கட்டும்னு சிவப்பு போட்டுட்டேன்.”

“புள்ளகிட்டக் கேட்டியா?”

“கேட்டேனுங்க.”

“எப்படிக் கேட்டே?”

நல்லசிவம் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

“என்ன அசிங்கத்தடி பார்க்கறே, எவன்டி அவன்னு... கேட்டுட்டேனுங்க.”

“சத்தமாவா?”

“பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க.”

சாமியம்மா குச்சியை ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். அவர் திட்டியிருந்தால் நல்லசிவத்துக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“அன்னைக்கிலேர்ந்து என்கிட்டப் பேசறதில்லீங்க. சோறுகூட அவங்கம்மாகிட்டத்தான் கேட்டு வாங்கிக்கறா. எனக்கு இருக்கறது ஒரே புள்ள சாமியம்மா. அவ என்கிட்டப் பேசோணும். அதுக்கு, அந்த வீடியோவுல அவ எதை ஒளிக்கறான்னு எனக்குத் தெரிஞ்சாகோணும். நீங்க பார்த்துச் சொல்லுங்க.”

“மேல தொட்டி பாசி புடிச்சுக் கெடக்குது. ஏறித் தேய்ச்சு உடு. போனை இங்கயே வெச்சுட்டுப் போ.”

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினான். தொட்டிக்குள் இறங்கித் தேய்க்க ஆரம்பித்தான். கீழே பேசுவது நன்றாகக் கேட்டது.

“அம்மிணி, இங்க வா. இந்தக் கட்டை விளையாட்டு வீடியோவைக் கொஞ்சம் காட்டு. எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாது. நீதான் சொல்லிக் குடுக்கோணும்.”

காலடிச் சத்தம் கிட்டே வந்தது. அப்புறம் கனிஷ்காவின் குரல் வந்தது.

“சாமியம்மா, போனையே தலைகீழாப் புடிச்சிருக்கீங்க.”

“அப்படியா? அதான் எல்லாரும் தலைகீழா நடக்கறாங்கன்னு பார்த்தேன். இவன் யாரு?”

“அவந்தான் புளிமூட்டை.”

“பேரு வைக்க வேற மூட்டை கெடைக்கலையாக்கும். இப்ப எதுக்கு மரத்தை வெட்டறான்?”

“வீடு கட்டோணுமில்ல!”

“சரி சரி, கத்தாதே. மாணவிக்கு மெதுவாத்தான் ஏறும்.”

கனிஷ்கா சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

நல்லசிவம் தேய்ப்பதை நிறுத்தினான். பெற்ற அப்பனிடம் ஒளிப்பதை இங்கே உட்கார்ந்து காட்டிக்கொண்டிருக்கிறாளே என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்தான். ஞாபகத்துக்கு வரவில்லை. மறுபடி குனிந்து தேய்த்தான்.

கீழே பேச்சு தணிந்தது. கனிஷ்கா என்னவோ சொன்னாள், காதில் விழவில்லை. சாமியம்மாவும் பதிலுக்கு மெதுவாக என்னவோ சொன்னார்.

வேலை முடிந்து, நனைந்த வேட்டியோடு ஏணியில் இறங்கினான். அவன் கால் தரையில் பட்டதுதான் தாமதம், கனிஷ்காவின் கட்டைவிரல் நகர்ந்தது. வீடியோ ஒரு தாவு தாவி வேறெங்கோ போய் நின்றது. நல்லசிவம் அதைப் பார்த்தான். சாமியம்மாவும் பார்த்தார்.

“கண்ணு, சமையல்கட்டுல பொரி உருண்டை இருக்குது, எடுத்துக்க. கன்னுக்குட்டிக்குக் குடுத்துடாதே, வயிறு ஊதிக்கும்.”

கனிஷ்கா எழுந்து இரண்டடி போய்விட்டுத் திரும்பினாள்.

“சாமியம்மா...”

“சொல்லமாட்டேன். நீ போ.”

அவள் போனதும் நல்லசிவம் கூடத்துப் படியில் உட்கார்ந்தான்.

“கண்டுபுடிச்சீங்களா?”

“ம்.”

“என்னதுங்க?”

“சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டனே. காதுல உழலையா உனக்கு?”

“நான் அவளைப் பெத்த அப்பனுங்க!”

“உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் வாக்கே.”

நல்லசிவத்துக்கு முகம் சுண்டிப்போனது. சாமியம்மா போனை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“நானும் அவகிட்டக் கேட்டுப் பார்த்தேன். உங்கப்பனுக்குத் தெரிஞ்சா என்ன தங்கம்னு. எங்கப்பாவே சத்தம் வெச்சுக் கேட்டாங்கன்னா கேட்டுக்கட்டும், நீங்க சொல்லாதீங்கன்னு சொல்லிட்டா.”

“சத்தமுங்களா?”

“நீ பார்த்தப்போ சத்தம் எப்படி இருந்துச்சு?”

“சத்தம் வைக்கறதில்லீங்க. கடையில ஆளுங்க வருவாங்க போவாங்க. அதுவுமில்லாம நான் எல்லாத்தையும் ரெட்டை வேகத்துல ஓட்டித்தான் பார்ப்பேன். குரூப்புல தெனமும் அத்தனை லிங்க் வருதுங்களே. படத்துல தப்பு இருந்தாக் கண்ணுக்குத் தெரிஞ்சுடும்.” சொல்லும்போதே அவன் குரல் தேய்ந்தது.

“கெட்டிக்காரன்தான். கல்யாண வீட்டுக்குப் போயி, பந்தக்காலை மட்டும் எண்ணிட்டு வந்திருக்கே.”

நல்லசிவம் போனை எடுத்தான். மகள் தள்ளிவிட்ட இடத்துக்குப் பின்னோக்கிக் கொண்டுபோய், சத்தம் வைத்து, சாதாரண வேகத்தில் ஓடவிட்டான்.

திரையில் கட்டை வீடு ஒன்று தீப்பிடித்து எரிந்தது. புளிமூட்டை மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தான். அப்போது எங்கோ ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வயதான ஆண் குரல் ஒன்று வந்தது.

“டேய், சோறு ஆறுதுடா.”

“அப்பா, ஒரு நிமிசம். வீடு பத்திக்கிச்சு.”

“எவன் வீடு?”

“என் வீடுப்பா. இதுல.”

“தண்ணியை எடுத்து ஊத்துடா.”

“தண்ணி கெணத்துல இருக்குப்பா.”

“நவுரு. நான் போயி எடுத்தாறேன்.”

நாற்காலி இழுக்கிற சத்தம். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று அந்த அப்பா கேட்டார். அதில்லப்பா, இது என்றான் மகன். கையைப் பிடித்துக் காட்டுடா என்றார். திரையில் கட்டை மனிதன் நின்ற இடத்திலேயே சுற்றினான், சுவரில் போய் முட்டினான், கிணற்றில் விழுந்தான், ஏறி வந்து மறுபடியும் கிணற்றிலேயே விழுந்தான். அப்பனும் மகனும் சிரிப்பை அடக்கமாட்டாமல் திணறினார்கள். வீடு எரிந்து சாம்பலாகிவிட்டது. போனாப் போகுது, வா, ரெண்டு பேரும் சேர்ந்து புதுசாக் கட்டலாம் என்றார் அந்த அப்பா. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், சோற்றை நாய்க்கு வைத்துவிடட்டுமா என்று கத்தியது. அதற்கும் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இந்த இடத்தை நல்லசிவம் கடையில் பார்த்திருந்தான். கட்டை மனிதன் கிறுக்குப் பிடித்த மாதிரி சுற்றுகிறானே, என்ன சலிப்பான வீடியோ என்று நினைத்து இன்னும் வேகமாக ஓட்டியிருந்தான்.

அவன் வீடியோவை நிறுத்தினான். போன மாதத்தில் ஒரு நாள் கனிஷ்கா அவன் நாற்காலிக் கையில் வந்து உட்கார்ந்தாள். ‘அப்பா, நீங்க ஒரே ஒரு தடவை எங்கூட விளையாடிப் பாருங்கப்பா’ என்றாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ‘லிங்க் அனுப்பு கண்ணு, கடையில பார்த்துட்டுக் கலர் போட்டுடறேன்’ என்றான். கூட உட்கார்ந்து விளையாடக் கூப்பிட்ட பிள்ளை எந்த லிங்கை அனுப்பும்? கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எப்போது எழுந்து போனாள் என்று அவன் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

வெட்கமாக இருந்தது. அசிங்கம் என்று மகளைப் பார்த்துச் சொன்ன வாய் தன்னுடையது என்று நினைக்க இன்னும் வெட்கமாக இருந்தது. கன்றுக்குட்டியோடு அவள் பேசுகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் தலையைத் திருப்ப அவனுக்குத் தைரியம் வரவில்லை.

போனைப் படியில் வைத்துவிட்டு, “இதுல ஒளிக்க என்னங்க இருக்குது?” என்றான். “ஒரு அப்பனும் மகனும் விளையாடறாங்க. அவ்வளவுதானுங்களே சாமியம்மா. இதைப் போயி எதுக்கு என்கிட்ட ஒளிச்சா?”

“நீ எதுக்கப்பா வீடியோவுக்கெல்லாம் சிவப்பு போடறே?”

“புள்ளைங்க பார்த்துடக் கூடாதுன்னுதானுங்க.”

“பார்த்தா என்ன?”

“பிஞ்சு மனசுங்க. சிலதைப் பார்த்தாத் தாங்காதுங்க.”

சாமியம்மா குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“உன்னைப் பத்தி அவளும் இதையேதான் சொன்னா.”